பார்த்தியாம்மா என்று கேட்டவர்

பூந்தமல்லியில் அவரிடம் வழக்கு கொண்டுவருகிறவர்கள் எதிராளியைவிட அவருக்குத்தான் அதிகம் பயந்தார்கள். காலை எட்டு மணிக்கெல்லாம் முன்னறைப் பெஞ்சில் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். அவர் குளித்து, நெற்றிக்கு இட்டுக்கொண்டு வந்து, மூக்குக்கண்ணாடியை வேட்டி நுனியில் துடைத்தபடியே முதல் கேள்வியைக் கேட்பார். எந்த வழக்கானாலும் முதல் கேள்வி அது ஒன்றுதான்.

"பாத்தியா?"

"அவன்தாங்க எங்க தோப்புல தேங்கா பறிச்சான்."

"அது சரி. நீ பாத்தியா?"

"ஊருக்கே தெரியுங்க."

"ஊரை விடு. உனக்கு என்ன தெரியும்?"

"பாக்கவே வாணாங்க. அவன் மூஞ்சப் பாத்தாலே தெரிஞ்சிடும். திருட்டு மூஞ்சி."

"அப்போ அந்த மூஞ்சியக் கூட்டிட்டு வா. அதுவே கூண்டுல ஏறி சாட்சி சொல்லட்டும்."

உள்ளே சமையல்கட்டில் நானும் அவர் சம்சாரமும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்போம். வந்தவர் சிரிக்கமாட்டார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தெருக்கோடியில் இருந்த இன்னொரு வக்கீலைத் தேடிப் போய்விடுவார். இவர் அடுத்த ஆளைப் பார்த்து, "நீ சொல்லு" என்பார்.

என் வீட்டுக்காரர் அவருக்குக் குமாஸ்தா. என் மாமனார் அவருடைய அப்பாவுக்குக் குமாஸ்தாவாக இருந்தவர். அந்த வீட்டில் வக்கீல் தொழில் வழிவழியாக வந்தது போல எங்கள் வீட்டில் குமாஸ்தா வேலை வந்தது. நான் அம்பத்தூர்ப் பக்கத்திலிருந்து பதினாறு வயதில் வாழ்க்கைப்பட்டு வந்தேன். அவர்கள் தோட்டத்தை ஒட்டியே எங்கள் வீடு. தண்ணீர் அவர்கள் கிணற்றில்தான். காலையில் குடத்தோடு போனால் சமையல்கட்டில் அந்த அம்மாளுக்குக் கூடமாட ஒத்தாசை செய்துவிட்டுத்தான் திரும்புவேன். ஆனாலும் அத்தனை வருஷத்தில் அவர் முகத்தை நிமிர்ந்து பார்த்துப் பேசியது கிடையாது. முன்னறைக்கும் கூடத்துக்கும் நடுவே ஒரு கதவு. அவர் ஏதாவது கேட்டால் கதவுக்குப் பின்னால் நின்று தலையாட்டுவேன். அந்த அம்மாள் எனக்குப் பதில் வாய் திறந்து சொல்லுவார்.

வீட்டிலும் அவர் அப்படித்தான். "சாம்பார்ல உப்பு ஜாஸ்தியாம்" என்று யாராவது சொன்னால், "சாப்பிட்டுப் பாத்துச் சொல்றியா, கேட்டுச் சொல்றியா?" என்பார். ஒருநாள் அந்த அம்மாளுக்குப் பொறுக்கவில்லை.

"எல்லாத்துக்கும் பாத்தியா பாத்தியான்றீங்களே, நம்ம கல்யாணத்தையாவது நீங்க பாத்தீங்களா?"

"எங்க பாத்தேன்? ஒரே ஓமப் புகை. கண்ணே திறக்க முடியல. தாலி கட்டினது நான்தான்னு நாலு பேர் சொல்றாங்க, நம்பிக்கிட்டு இருக்கேன்."

அவருடைய தாத்தா கோர்ட்டு வாசலில் மனு எழுதிக் கொடுத்து ஆரம்பித்து, பிறகு பரீட்சை எழுதி பிளீடர் ஆனவராம். அப்பா பெரிய வக்கீல். செங்கற்பட்டு வரைக்கும் பெயர். இவர் பட்டணத்தில் சட்டம் படித்துவிட்டு வந்து அப்பாவின் நாற்காலியில் உட்கார்ந்தார். அப்பாவின் கறுப்பு கவுனையே போட்டுக்கொண்டார். அப்பா ஆறடி ஆள், இவர் குள்ளம். கோர்ட்டுக்கு நடந்து போகும்போது சேற்றில் படாமலிருக்க கவுனை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு போவார். நாற்று நடப் போகிற பெண்கள் புடவையைத் தூக்கிக்கொண்டு போவது போல இருக்கும். புதிதாகத் தைத்துக்கொள்ளக் கூடாதா என்று அந்த அம்மாள் கேட்டால், "இது நல்லாத்தான் இருக்கு" என்பார்.

அந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. விஜயதசமியன்று எல்லார் வீட்டிலும் குழந்தைக்கு அரிசியில் எழுத்து எழுதவைப்பார்கள். அவர்கள் வீட்டில் மட்டும் தீர்ந்துபோன வழக்கின் பழைய பிராது ஒன்றை எடுத்து, அதன் பின்பக்கத்தில் எழுதவைப்பார்கள். இவர் அப்படி எழுதினவர். இவர் பிள்ளையும் அப்படித்தான் எழுதினான் என்று அந்த அம்மாள் பெருமையாகச் சொல்வார். ஜெயித்த வழக்கின் பிராதாக இருக்கவேண்டுமாம். பெரியவர் தேடி எடுத்துக் கொடுப்பாராம்.

பெரியவர், அதாவது இவருடைய அப்பா, நான் வந்தபோது கண் மங்கி, கூடத்தில் சாய்வு நாற்காலியில் கிடந்தார். அவர் காலத்தில் சாட்சிகளை முதல்நாளே வரவழைத்து, மாட்டுக்கொட்டகையில் வரிசையாக நிறுத்தி, கூத்துக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பது போலச் சொல்லிக்கொடுப்பாராம். என் மாமனார் எதிர்வக்கீலாக நின்று குறுக்குக் கேள்வி கேட்பாராம். மாடுகளுக்குக்கூடச் சாட்சி மனப்பாடம் ஆகிவிடும் என்று என் வீட்டுக்காரர் சொல்லிச் சிரிப்பார். பிள்ளை இதையெல்லாம் நிறுத்திவிட்டார். சாட்சி வந்தால் அவர் சொல்வது ஒன்றே ஒன்று. "பாத்ததைச் சொல்லு. பாக்காததைப் பாக்கலைன்னு சொல்லு. மீதி என் வேலை."

பெரியவர் கூடத்திலிருந்து கத்துவார். "சாட்சியைத் தேச்சாத்தான்டா பளபளன்னு இருப்பான்!"

"பாத்திரம்தான்ப்பா தேச்சா பளபளக்கும். மனுஷன் தேஞ்சு போயிடுவான்."

"இவன் பெரிய அரிச்சந்திரன்" என்று பெரியவர் முணுமுணுப்பார். ஆனாலும் பிள்ளை கோர்ட்டுக்குக் கிளம்பும்போது கவுனைத் தடவிப் பார்த்து, மடிப்பைச் சரிசெய்து அனுப்புவார்.

இனி நான் செய்ததற்கு வருகிறேன்.

பெண்பிள்ளை யாராவது கைநாட்டு வைக்கிற பத்திரமானால், சாட்சியில் ஒருவர் பெண்ணாக இருக்கவேண்டும் என்பது அவருடைய பிடிவாதம். நாலு ஆம்பிளைகள் சேர்ந்து மிரட்டி வாங்கினார்கள் என்று நாளைக்கு யாரும் சொல்லிவிடக் கூடாதாம். அந்த நாளில் எழுதத் தெரிந்த பெண்கள் எங்கள் தெருவில் இரண்டு பேர். ஒருத்தி அந்த அம்மாள். வக்கீல் பெண்டாட்டி சாட்சி போட்டால் நன்றாயிராது. இன்னொருத்தி நான். அஞ்சாவது வரை படித்தவள். என் பெயரை அச்சுப்போல எழுதுவேன். இருபது வயதுக்குள் மூன்று பத்திரங்களில் சாட்சிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். உள்ளுக்குள் எனக்கு அதில் கர்வம்.

அந்த மூன்று தடவையும் அவர் வீட்டில்தான் நடந்தது. அந்தக் கதவை இரண்டு பக்கமும் விரியத் திறந்துவைப்பார். "வெக்கப்படுறதா இருந்தா தாராளமா படும்மா. ஆனா கண்ணு மட்டும் அந்த விரல்ல இருக்கணும். விரல் காகிதத்துல பட்டதைப் பாத்தாத்தான் நீ சாட்சி" என்பார். பிறகு எல்லாம் முடிந்து ஆட்கள் போனதும், மறுபடி ஒருமுறை கேட்பார். "பாத்தியாம்மா?" அதனால் எனக்குத் தெரியாது என்று நான் சொல்ல முடியாது. எனக்கு நன்றாகத் தெரியும்.

திருவேற்காட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு சின்ன ஊரில் தனபாக்கியம் என்று ஒரு அம்மாள். பிள்ளையில்லாத விதவை. ஒன்றரைக் காணி நஞ்சையும் ஒரு ஓட்டு வீடும் இருந்தன. பக்கவாதம் வந்து படுத்த பிறகு சொந்தக்காரர்கள் எட்டிப் பார்க்கவில்லை. பார்த்துக்கொண்டவள் அஞ்சலை. அந்த அம்மாள் நிலத்தில் நடவுக்கும் களைக்கும் வந்துகொண்டிருந்த சேரிப் பெண். புருஷன் செத்தவள். முதலில் வாசலில் வைத்துக் கஞ்சி கொடுத்தவள், பிறகு உள்ளே வந்து, குளிப்பாட்டி, தலைவாரி, ஒன்பது வருஷம் ஒரு குழந்தையைப் போல வைத்துக்கொண்டாள். ஊர் அந்த வீட்டோடு புழங்குவதை நிறுத்திவிட்டது. தனபாக்கியம்மாள் அதைப்பற்றிக் கவலைப்படவில்லை. நிலமும் வீடும் அஞ்சலைக்கு என்று உயில் எழுதவேண்டும் என்று ஆள் அனுப்பினார்.

வக்கீல் நேரில் போய்ப் பேசி, அந்த அம்மாள் சொன்னதைச் சொன்னபடி எழுதி எடுத்துக்கொண்டு வந்தார். அதை என் வீட்டுக்காரர் பத்திரத் தாளில் எழுதினார். கைநாட்டு வைக்க நாள் குறித்தாயிற்று. அந்த நாளில் அவருக்குக் குளிர்காய்ச்சல். கட்டிலோடு தூக்கிப் போட்டது. தனபாக்கியம்மாளும் இன்றைக்கோ நாளைக்கோ என்று கிடப்பதாகச் செய்தி வந்தது. அதனால் என் வீட்டுக்காரரையும் என்னையும் வண்டியில் அனுப்பினார். இன்னொரு சாட்சி அந்த ஊர் வைத்தியர்.

வீட்டு வாசப்படி வரைக்கும் போனேன். உள்ளே போகவில்லை. ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். இப்போதே சொல்லிவிட்டால் மற்றதைச் சொல்ல எனக்கு வாய் வராது. வெளியே வைக்கோல்போர் பக்கமாகப் போய் நின்றுகொண்டேன். கொஞ்ச நேரத்தில் என் வீட்டுக்காரர் காகிதத்தை எடுத்துக்கொண்டு வந்தார். ரேகை ஈரமாக இருந்தது.

"இன்னாடி, உள்ள ஏன் வர்ல?"

"வெக்கமா கீது."

"நல்லா வெக்கப்பட்ட போ. சரி போடு, வண்டி நின்னுகினு கீது. ஐயா கேட்டா பாத்தேன்னு சொல்லிடு. இல்லன்னா என்னைத் தொலச்சிடுவாரு."

போட்டேன். அச்சுப்போல.

சாயங்காலம் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, பல் கிட்டிக்கொண்டிருந்த நிலையிலும் அவர் கேட்டார். "பாத்தியாம்மா?" நான் கதவுக்குப் பின்னால் தலையாட்டினேன். "பாத்தாளாம்" என்றார் அந்த அம்மாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

மறுநாள் காலையில் சொல்லிவிடுவது என்று முன்னறைக் கதவு வரைக்கும் போனேன்.

"யாரு? என்னம்மா?"

"அம்மா மோர் வேணுமான்னு கேக்கச் சொன்னாங்க."

"குளிர்காய்ச்சல்காரனுக்கு மோரா? ஒரே அடியா அனுப்பிடலாம்னு பாக்கறாங்களா?" என்று சிரித்தார். நானும் சிரித்துவிட்டு வந்துவிட்டேன்.

இன்றைக்கோ நாளைக்கோ என்றிருந்த தனபாக்கியம்மாள் அதற்குப் பிறகு எட்டு மாதம் இருந்தார். நல்ல நினைவோடு இருந்தார். அந்த எட்டு மாதத்தில் என்றைக்கு நான் வாய் திறந்திருந்தாலும் வக்கீல் திட்டியிருப்பார், ஒரு வண்டி பிடித்திருப்பார், வேறு காகிதத்தில் புதிதாகக் கைநாட்டு வாங்கியிருப்பார். அரை நாள் வேலை. தினமும் அந்தக் கதவைத் தாண்டித்தான் குடத்தோடு போனேன், வந்தேன்.

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். ஆவடிப் பக்கம் மிலிட்டரிக்காரர்கள் வந்து இறங்கியபிறகு சுற்றுவட்டாரத்தில் நிலத்துக்கு ஒரே கிராக்கி. தனபாக்கியம்மாள் போனதும், ஒன்பது வருஷமாக வாசலை மிதிக்காத கொழுந்தன் மகன் வந்து நின்றான். உயில் பொய், சேரிக்காரி ஏமாற்றி எழுதி வாங்கிக்கொண்டாள் என்று வழக்குப் போட்டான். பட்டணத்திலிருந்து வக்கீல் வைத்தான்.

அஞ்சலை முன்னறைக்கு வெளியே படியில் உட்கார்ந்திருந்தாள். பெஞ்சில் உட்காரச் சொன்னார், அவள் கேட்கவில்லை.

"உயில் செல்லணும்னா ரெண்டு சாட்சி வேணும். குமாஸ்தா அதை எழுதினவர், அவர் சாட்சி ஆகமாட்டார். நமக்கு ரெண்டு பேரும் கல்லு மாதிரி இருக்காங்க. நீ கவலைப்படாம போய்ப் பயிரைப் பாரு" என்றார்.

அவள் உள்பக்கம் பார்த்து என்னைக் கும்பிட்டாள். நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டேன்.

கோர்ட்டில் வைத்தியர் முதலில் ஏறினார். தான் பார்த்ததாகச் சொன்னார். அந்தப் பெண் எங்கே நின்றாள் என்று கவனிக்கவில்லை என்றும் சொன்னார். பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். கூண்டில் ஏறினேன். சத்தியம் வாங்கினார்கள். அவர் எழுந்து, கவுனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, உயிலைக் காட்டி, இது உன் கையெழுத்தா என்று கேட்டார். ஆமாம் என்றேன். கைநாட்டு வைத்ததைப் பார்த்தாயா என்றார். தலையாட்டினேன்.

"வாயால சொல்லணும்மா" என்றார் முன்சீப்.

"பாத்தேங்க."

பட்டணத்து வக்கீல் எழுந்தார். உயரமான ஆள், மெதுவான பேச்சு.

"நீங்க வெளிய நின்னுகிட்டு இருந்தீங்க, இல்லையா?"

"இல்லீங்க. உள்ளதான்."

"அந்தம்மா எப்படி ரேகை வெச்சாங்க? நடந்ததைச் சொல்லுங்க."

"எழுந்து உக்காந்துகினு... மடியில பலகைய வெச்சிகினு... அப்படியே வெச்சாங்க."

எங்கள் வக்கீல் வீட்டில் நான் பார்த்த மூன்று பத்திரமும் அப்படித்தான் நடந்தது. அதையே சொன்னேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன். பட்டணத்து வக்கீல் முன்சீபைப் பார்த்து, "ரொம்பப் பயந்த சுபாவம். மேலே கேட்கவேண்டியதில்லை" என்று உட்கார்ந்துவிட்டார். அவருடைய கட்சிக்காரன் பேசாமல் இருந்தான். தனபாக்கியம்மாள் எழுந்து உட்கார்ந்து வருஷக்கணக்காகிறது என்று அவனுக்கு எப்படித் தெரியும்? அவன் வந்து பார்த்திருந்தால்தானே?

இவருக்குத் தெரியும். இவர் போய்ப் பார்த்தவர்.

காகிதங்களை அடுக்கிக்கொண்டிருந்த கை நின்றது. நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அப்போதுதான் முதல் தடவையாக நானும் அவர் முகத்தைப் பார்த்தேன். என் வீட்டுக்காரர் மூலையில் தலைகுனிந்து நின்றார். வழக்கு எங்கள் பக்கம். அவர் பேசாமல் உட்கார்ந்திருந்தால் போதும். வெளியே வேப்பமரத்தடியில் அஞ்சலை உட்கார்ந்திருந்தது ஜன்னல் வழியாகத் தெரிந்தது. அவரும் அந்தப் பக்கம் ஒருதரம் பார்த்தார். முன்சீப் பேனாவைக் கீழே வைக்கப்போனார்.

அவர் எழுந்தார். "ஒரு கேள்வி" என்றார்.

"நீ பாத்தியாம்மா?"

வீட்டில் கேட்கிற அதே குரல்.

"இல்லீங்க" என்றேன்.

அவ்வளவுதான். உயில் தள்ளுபடியாகிவிட்டது. கொழுந்தன் மகன் பயிரோடு நிலத்தை எடுத்துக்கொண்டான். வீட்டுக்குப் பூட்டுப் போட்டான்.

அன்றைக்கு வீட்டில் பெரியவர் போட்ட சத்தம் தெருவுக்கே கேட்டது. "மூணு தலைமுறையா ஜெயிக்கறதுக்கு வக்காலத்து வாங்கின குடும்பம்டா இது! நீ தோக்கறதுக்கு வாங்கறியா? சொந்த சாட்சியக் கவுக்கறவன் கிட்ட எவன்டா வருவான்?" என் வீட்டுக்காரர் இவர் காலில் விழப் போனார். "எழுந்திருய்யா, நாளைக்கு ரெண்டு வாய்தா இருக்கு, கேஸ் கட்டை எடுத்து வை" என்றார்.

பிறகு அந்தக் கதவருகே அவரே வந்தார். நான் பின்னால் நின்று அழுதுகொண்டிருந்தேன். கதவைத் தள்ளித் திறந்தார்.

"அழாதம்மா. தப்பு என்மேல. ஊர்ல இருக்கறவனையெல்லாம் கண்ணால பாத்தியான்னு கேட்டவன், உன்னைக் கேக்கும்போது உன் முகத்தைப் பாக்கல. நீ தலையாட்டினதை இவ சொன்னா, அதைக் கேட்டு நம்பிட்டேன். கூச்ச சுபாவம் உள்ள பொண்ணை ஆம்பளைங்க நடுவுல தனியா அனுப்பினது முதல் தப்பு. அவ எப்படி உள்ள போவா?"

அவர் அப்படிச் சொன்னபோது நான் வாய் திறக்கவில்லை. தலையாட்டினேன்.

பெரியவர் சொன்னது போலவே ஆயிற்று. பெஞ்சில் ஆள் குறைந்தது. கோர்ட்டில் மற்ற வக்கீல்கள், "உங்க சாட்சியை நாங்க விசாரிக்கவே வேணாம், நீங்களே பாத்துக்குவீங்க" என்று கேலி செய்வார்களாம். அவருடைய பிள்ளை சட்டம் படிக்கப் போகவேண்டிய வருஷம் வந்தது. பணமெல்லாம் கட்டத் தயாராக இருந்தது. அவன் அப்பா முன்னால் வந்து நின்று, "தாத்தா மாதிரி பண்ண எனக்குப் பிடிக்கலப்பா. உங்களை மாதிரி பண்ண எனக்குத் தைரியம் இல்ல" என்றான். சமையல்கட்டில் எங்களுக்குக் கேட்டது. அந்த அம்மாள் புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார். அவர், "சரிப்பா" என்றார். பிள்ளை ரயில்வேயில் குமாஸ்தாவாகச் சேர்ந்து பெரம்பூர்ப் பக்கம் போய்விட்டான். அந்த வீட்டு வக்கீல் தொழில் அவரோடு நின்றது.

அஞ்சலைக்குத் தம் தோட்டத்துக் கோடியில் ஒரு குடிசை போட்டுக்கொள்ள இடம் கொடுத்தார். கிணற்றிலும் தண்ணீர் எடுத்துக்கொள்ளச் சொன்னார். தெருவில் பேச்சு எழுந்தது. அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நான் அன்றிலிருந்து குடத்தை எடுத்துக்கொண்டு அரை மைல் நடந்து தெருக் கிணற்றுக்குப் போக ஆரம்பித்தேன். அதையும் அவர் கவனித்துவிட்டார்.

"அவ முகத்துல முழிக்கக் கூச்சமா இருக்காம்மா? அவ ஒண்ணும் நினைக்கமாட்டா. இங்கியே வந்து எடு" என்றார்.

அதற்கும் தலையாட்டினேன்.

சுதந்திரம் வருவதற்கு முந்தின வருஷம் அவர் காலமானார். நெஞ்சுவலி, ஒரே நாள். பெரியவர் மகனுக்கு முன்னால் போகமுடியவில்லையே என்று தலையிலடித்துக்கொண்டு அழுதார். அஞ்சலை தோட்டத்தில் மண்ணில் புரண்டு அழுதாள். காரியமெல்லாம் முடிந்து நாலைந்து நாள் கழித்து, அந்தக் கிணற்றுக்குப் போனேன். அஞ்சலை தனியாகத் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கயிற்றை விட்டுவிட்டு ஒதுங்கினாள்.

இன்றைக்காவது சொல்லவேண்டும் என்றுதான் போயிருந்தேன். "அஞ்சல, அன்னிக்கு நான்..." என்று ஆரம்பித்தேன். அதற்குமேல் வரவில்லை.

"உடு யக்கா" என்றாள். அதற்கு முன்னால் அவள் என்னை அக்கா என்று கூப்பிட்டதில்லை. "நீ உள்ள வர்லன்னு எனக்கு அன்னிக்கே தெரியும். நான்தான பெரிம்மா கையப் புடிச்சி ரேகை வெச்சேன். நீ பாக்கணும்ன்றது எனக்குத் தெரியாது. கையெழுத்துப் போட்டா போதும்னு நெனச்சிகினு இருந்தேன். நான் பாத்தேன், ஆனா நான் சாட்சி ஆவமாட்டேனாமே. சொத்து எனக்குன்றதால."

"வெக்கமா இருந்திச்சி" என்றேன். அவளிடமும் அதையே சொன்னேன்.

அவள் என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்க்கவில்லை.

"வெக்கம் இல்ல யக்கா. ஒனக்குன்னு நான் பாய் போட்டு வெச்சேன். வாசப்படிக்கு வந்த. பாயப் பாத்த, என்னப் பாத்த. பொடவையத் தூக்கிச் சொருவிகினு பின்னாலயே போயிட்ட. எங்க ஆளுங்க போட்ட பாயில நீ எப்படி உக்காருவ? எனக்குத் தெரியாதா?"

கிணற்றுச் சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

"ஐயா கிட்ட சொன்னியா?"

"இல்ல. ரெண்டு மூணு வாட்டி, அந்தப் பொண்ணு ரொம்பக் கூச்சம், பாவம்னு சொன்னாரு. ஆமாங்கன்னு சொல்லிட்டேன். சொல்லி இன்னா ஆவப்போவுது? நெலம்தான் போச்சி. அவரு மனசுல நீயும் ஏன் போவணும்?"

வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

நான் உள்ளே போகாததற்குக் காரணம் அதுதான். ஆம்பிளைகள் இருந்ததால் இல்லை. அவள் உட்கார்ந்திருந்த வீட்டுக்குள், அவள் விரித்த பாயில் கால்வைக்க என்னால் முடியவில்லை. ஊர்த்தெருவில் பிறந்து வளர்ந்த எனக்கு அது அவ்வளவு இயல்பாக வந்தது. யோசித்துக்கூடச் செய்யவில்லை. வெட்கம் என்று நானே ஒரு பெயர் வைத்தேன். என் வீட்டுக்காரர் நம்பினார், அந்த அம்மாள் நம்பினார், பார்த்தியா பார்த்தியா என்று ஊரையே கேட்ட அந்த மனுஷரும் நம்பினார். அந்த வெட்கத்துக்காக அவர் என்னை மன்னித்தார். நான் வாங்கிக்கொண்டேன்.

பார்த்தாயா என்று அவர் என்னைப் பலமுறை கேட்டார். ஏன் உள்ளே போகவில்லை என்று ஒருமுறைகூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று ரொம்ப வருஷம் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். சொல்லியிருக்கமாட்டேன். கதவுக்குப் பின்னால் நின்று, வெட்கம் என்றுதான் சொல்லியிருப்பேன்.